குக்கரில் தெரிந்த கட்டில்

விளம்பரப் போட்டோகிராபர்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட் வைதேகி, என் ஆல்பத்தை மூன்றாவது தடவையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பிரஷர் குக்கர் படம் வந்ததும் நிறுத்தி, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார்.

“யாரு சார் இது, கட்டில்ல?”

குக்கரின் பளபளப்பில் கடுகளவுக்கு என் மனைவி பிலோமினா தெரிந்தாள். வெளிச்சத்தைத் திருப்பிவிட, படுத்தபடியே வெள்ளைத் தெர்மாகோலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு வருஷமாக அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கை மட்டும் நடுங்காது.

“அசிஸ்டென்ட்” என்றேன்.

“கம்பெனிக்காரங்க கண்ணு முதல்ல இங்கதான் போகும். அழிச்சிட்டு அனுப்புங்க. நாளைக்கே உங்களை எடுத்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் கட்டிலின் கால்களை அழித்தேன். பிறகு போர்வையை, பிறகு முகத்தை. தெர்மாகோலும் அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் மட்டும் மிச்சமிருந்தன.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“என்னங்க, ஏஜென்ட் ஒத்துக்கிட்டாங்களா?” என்றாள் பிலோமினா. பக்கத்தில் சாத்தியிருந்த தெர்மாகோலை அதற்குள் எடுத்துவிட்டிருந்தாள். “இன்னைக்கு எந்தப் பக்கம் பிடிக்கட்டும்?”