பதினாறு ஆணி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், புயல் பிய்த்துக்கொண்டு போன வடக்கு ஜன்னலை, ஓய்வுபெற்ற மராமத்து மேற்பார்வையாளர் தெய்வசிகாமணி தம் கையாலேயே அடைக்கப்போகிறார். சகலர் என்றால் அவர் மனைவி வேதவல்லி ஒருத்திதான். காற்று சட்டென்று ஓய்ந்திருந்தது. வீட்டில் இருந்த ஒரே பலகை, பணி ஓய்வு விழாவில் அவர் படம் போட்டுக் கொடுத்த பாராட்டுப் பலகை.

“இது புயலோட கண்ணுங்க. இனிமே தெக்கேருந்து திரும்பி அடிக்கும்,” என்றாள் கடற்கரையில் பிறந்து வளர்ந்த வேதவல்லி. “தெக்கு ஜன்னல் கதவு இப்பவே ஆடுது. காத்து உள்ள பூந்தா கூரையில ஒரு ஓடு மிஞ்சாது. பலகைய அங்க அடிங்க.”

“முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்டி! உடைஞ்சத விட்டுட்டு உடையாததுக்கு மராமத்து பாத்தா, ஆடிட்ல என்னத்தச் சொல்றது?”

புயலுக்கு ஆள் யாரென்று தெரியவேண்டுமல்லவா? தம் முகம் வெளியே பார்க்கும்படி பலகையை வைத்துப் பதினாறு ஆணி அடித்தார். வேதவல்லி பீரோவைத் தோள்கொடுத்துத் தெற்கு ஜன்னல் பக்கம் தள்ளினாள். ஒரு சாண் நகர்ந்தது.

“ஒரு கை கொடுங்க.”

“இரு, மட்டம் பாத்துட்டு வர்றேன்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். பீரோ இன்னும் ஒரு முழம் போகவேண்டியிருந்தது.

காற்று தெற்கிலிருந்து வந்தது.