மறித்து நின்ற மேடு

சாக்கடைத் தண்ணீர் ஏரியில் கலக்குமுன் தங்கித் தெளியட்டும் என்று, ஓடையில் ஒரு சதுப்பு நிலம் அமைக்க வந்தது பொக்லைன். நடுவில் ஒரு மேடு குந்தியிருந்தது.

"என்னை விட்டுடுண்ணே," என்றது மேடு. "தண்ணி என்னைச் சுத்திப் போனா வேகம் குறையும். அழுக்கு அடியில தங்கிடும்."

பொக்லைனுக்கு எதுவும் நூல் பிடித்த மாதிரி இருக்கவேண்டும். "என் வேலையில கோணல்னு ஒருத்தன் சொன்னதில்லை," என்று மேட்டை அள்ளி லாரியில் கொட்டியது. தரையை வழவழவென்று இழைத்துவிட்டது. புதிதாக நட்ட கோரைகள்கூட அசந்துபோய்ப் பார்த்தன.

மழை வந்தது. சாக்கடைத் தண்ணீர் நுழைந்த வேகத்திலேயே ஏரியில் போய் விழுந்தது. கோரைகளும் வேரோடு பெயர்ந்து அதன் பின்னாலேயே போயின. ஏரி கறுத்தது.

"கொஞ்சம் நின்னுட்டுப் போயேன்," என்று கெஞ்சியது பொக்லைன்.

"எனக்கு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும்னு ஆசையா?" என்றது தண்ணீர், ஓடிக்கொண்டே. "யாராச்சும் மறிச்சாத்தானே நிப்பேன்!"

மேட்டைத் திரும்ப அள்ளிவரலாம் என்று பொக்லைன் கையைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குள் மேடு யார் வீட்டுக்கோ அஸ்திவாரமாகி, நூல் பிடித்த மாதிரி மட்டமாகக் கிடந்தது.