தேக்கு உளுத்த காலை

ஆசாரி கோவிந்தராசு அலமாரியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச்சை அடித்தபோது, நான் ராத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆள் உயரக் கண்ணாடி. அலமாரிக் கதவு முழுக்க அதுதான்.

மூத்தவள் ராத்தாவின் கல்யாணத்துக்கு வாப்பாவே பட்டுக்கோட்டை மரவாடியில் போய் நின்று தேக்குப் பலகை பார்த்து எடுத்து, இதே கோவிந்தராசுவை வைத்துச் செய்தது.

ஒன்பது வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு இரும்பு பீரோ வந்தது. இப்போது எல்லார் வீட்டிலும் இதுதான் என்றார் வாப்பா. அதன் கண்ணாடியில் எனக்கு மார்பு வரைதான் தெரியும்.

மகன் வயிற்றில் இருந்தபோது, வயிறு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க மாடியேறி ராத்தாவின் அறைக்குத்தான் வந்தேன். கதவைத் தட்டிவிட்டு.

அந்த அலமாரி மெல்போர்னுக்குப் போகப்போகிறது. கூடவே கட்டில், சாப்பாட்டு மேசை, ஆறு நாற்காலி. ராத்தாவின் புருஷன் ஜாஹித் மச்சானுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. கப்பல் செலவு கம்பெனியுடையது. சாமானைப் பார்த்து அளந்து மரப்பெட்டி அடிக்கத்தான் கோவிந்தராசு வந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பாசித் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அறைக்கு எட்டுப் பேர். அவருக்கு மேல் கட்டில். கேசட்டில் பேசி அனுப்பும்போது கீழே படுத்திருப்பவரின் குறட்டையும் சேர்ந்து வரும். குடும்ப விசா பற்றி அடுத்த பக்கத்தில் சொல்கிறேன் என்பார். கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிவரை கேட்பேன். சொல்லியிருக்க மாட்டார்.

ராத்தாவுக்குப் புருஷனும் கூடவே. கட்டிலும் கூடவே.

மூன்று நாள் முன்பு சாப்பிடும்போது மச்சான் ஒரு காகிதத்தை வாசித்துச் சொன்னார். உளுத்த மரச்சாமானை அந்த நாட்டுக்குள் விட மாட்டார்களாம். துறைமுகத்திலேயே கொளுத்திவிடுவார்களாம்.

"நல்லா இருக்கறதை எல்லாம் ஏத்திடுவோம். திரும்பி வந்து இங்க யாரு இருக்கப்போறா? மாடியைச் சாஜி வச்சுக்கட்டும்."

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. மாடி அவளுக்கு, கீழ்வீடு எனக்கு என்று வாப்பா எழுதிவைத்திருந்தார். ராத்தா மீனில் முள் எடுத்தபடியே தலையாட்டினாள். அவ்வளவுதான். ஒரு வீட்டை விட்டுவிட அவளுக்கு ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெறும் மாடியை வைத்து நான் என்ன செய்ய?

இன்று சுபுஹு தொழுததும் அடுப்படிக்குப் போனேன். புட்டுக்கு வறுத்து வைத்த மாப்பிள்ளைச் சம்பா மாவு, உளுத்த மரத்திலிருந்து கொட்டும் தூளின் அதே நிறம். உம்மா முந்தாநாள்தான் டப்பாவை நிறைத்தார். பாதிதான் இருந்தது. அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. ஒரு பிடி எடுத்துக்கொண்டு, ராத்தா குளிக்கப்போன நேரத்தில் மாடியேறினேன்.

கோவிந்தராசு இப்போது அந்த மாவை விரலால் தொட்டார்.

"தேக்கு உளுத்துப்போகாதே தங்கச்சி. நான் இழைச்ச மரம்."

அப்போதுதான் எறும்புகளைப் பார்த்தேன்.

சுவரோரமாக ஒரு வரிசை. ஆளுக்கொரு துளி தூக்கிக்கொண்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மரத்தூளை எந்த எறும்பு தூக்கும்?

ராத்தாவும் பார்த்துவிட்டாள். குனிந்து பார்த்தவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் எங்கள் கண்கள் சந்தித்தன.

'சின்னப் பிள்ளையிலிருந்து இவளுக்கு என் சாமான் மேலதான் கண்ணு.' அதைத்தான் சொல்லப்போகிறாள். ஆசாரியை வைத்துக்கொண்டே சொல்வாள். நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஆமாம், உனக்குக் கண்ணே தேவைப்படவில்லை, எல்லாம் தானாக வந்தது.

"உளுத்துதான் போயிருக்குண்ணே. இதை விட்டுருங்க."

சொல்லிவிட்டு, முந்தானை நுனியால் எறும்புகளைத் தட்டிவிட்டாள்.

அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. திருடக்கூட விடாமல், தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள் வேண்டாம் என்றதுதான் எனக்கு. கப்பலேறிப் போய் அந்தத் துறைமுகத்தில் எரிந்தே போகட்டும் இந்த அலமாரி என்று ஒரு நொடி நிஜமாகவே நினைத்தேன்.

கோவிந்தராசு கட்டிலுக்கு நகர்ந்தார். அது இல்லாமல் தனக்குத் தூக்கமே வராது என்று தெருவெல்லாம் ராத்தா சொல்லிவைத்திருந்த கட்டில்.

டார்ச்சை அடித்தார். எழுந்திருக்கவில்லை. அப்படியே தவழ்ந்து மேசைக்குப் போனார். நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலை மூக்கருகில் கொண்டுபோனார்.

"ஏன் தங்கச்சி, மாடி மரமெல்லாம் புட்டு மணக்குது?"

எங்கள் இரண்டு பேரில் யாரையும் பார்க்காமல், மெதுவாகத்தான் கேட்டார்.

கீழேயிருந்து மச்சான் குரல் கொடுத்தார். ராத்தா விறுவிறுவென்று மாடிப்படிக்குப் போனாள்.

"ஒண்ணும் தேறாதுங்க. எல்லாம் இங்கயே கெடக்கட்டும். மாடியைப் பூட்டிச் சாவியை நானே எடுத்துக்கிறேன்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

நான் குனிந்து கட்டில் காலைப் பார்த்தேன். நாலு காலடியிலும் சின்னச் சின்னக் குவியலாக, சிவப்பு மாவு. இங்கே எறும்பு வரிசை இன்னும் நீளம். நேற்றே வந்துவிட்டது போலிருந்தது.

நான் தூவியது அலமாரிக்கு மட்டும்தான்.