கழுவிய காம்பு

இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த இன்னாசி, கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். நடந்தால்தான் கால் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்து நினைப்பிலாவது எழுந்திருக்கட்டும் என்று சவரியம்மாள் தினமும் டர்னிப் இலை ஒன்றைப் பறித்து வந்து புருஷன் கையில் கொடுத்தாள். அவர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். காம்பைக் காதருகே வைத்துப் படக்கென்று ஒடிப்பார்.

“நல்லாருக்கு புள்ள. கெழங்கு தெரண்டிருக்கும்.”

அப்புறம் நிம்மதியாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

செடி நன்றாக இருப்பதுதான் வினை என்று அவளுக்கு மெல்ல உறைத்தது. சீக்கு இலை தேடி வரப்பு வரப்பாகக் குனிந்து பார்த்தாள். பாழாய்ப்போன தோட்டத்தில் மஞ்சளாக ஒரு இலைகூட இல்லை. கடைசியில் வேலி தாண்டி, பக்கத்துத் தோட்டக்காரன் பால்ராசின் பாத்தியில், ஓரம் பழுத்து அடியில் அசுவினிப் பூச்சி அப்பிய இலையொன்றைக் கிள்ளினாள். தங்கள் தோட்டம் செம்மண், அவனுடையது கறுப்பு மண். ஒட்டிய மண் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று காம்பை மட்டும் ஓடைத் தண்ணீரில் பதமாகக் கழுவினாள்.

இன்னாசி இலையைத் திருப்பினார். காம்பு ஒடியாமல் துவண்டது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“நம்ம எலைய என்னிக்கி நீ காம்பு கழுவிக் கொண்டாந்திருக்க?”

சவரியம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

“பால்ராசு வீட்ல அவனுக்கு யாரும் எலை கொண்டாந்து காட்டலயாக்கும்” என்றபடி இன்னாசி காலைத் தரையில் வைத்தார். “அந்தக் கம்ப எடு. பூச்சி வேலி தாண்டறதுக்குள்ள அவன் பாத்தியப் போயிப் பாக்கணும்.”