குழி விழாத ரத்தம்

"மைக்ராஸ்கோப் கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருடி."

"துடைச்சிட்டேன்க்கா, மூணு தடவை…"

"நாலாவது தடவையும் பாரு. ரத்தம் சரின்னு எழுதிக் கொடுத்தாத்தான் நாளைக்கு அவரை வேலைக்குச் சேர்ப்பாங்க."

தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அக்காவின் கணவர் கடலுக்குள் மூழ்கிக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுபவர். வெள்ளிக்கிழமை மதியம் அவருடன் மூழ்கியவர்கள் அவரில்லாமல் மேலே வந்தார்கள். சாயங்காலம் அவர் தனியாக வீடு வந்து சேர்ந்தார். அதிலிருந்து பேசுவதில்லை, எதைக் கேட்டாலும் சிரிக்கிறார்.

"வாயைத் திறக்காத புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றாள் அக்கா.

"விளையாடாதேக்கா. சிவப்பணு தட்டையா, ரெண்டு பக்கமும் நடுவுல குழி விழுந்து இருக்கணும். அப்பத்தான் காத்தை நல்லா வாங்கும், முடியை விட மெல்லிசான குழாய்லயும் வளைஞ்சு போகும். மாமாவுக்கு ஒண்ணு விடாம கோலிக்குண்டு மாதிரி இருக்கு. இது ஓடவே ஓடாது."

"ஓடாத ரத்தமா ஊசி குத்தினதும் அப்படி வந்துச்சு? மூணு மாடி ஏறினார், இரைக்கக்கூட இல்லை. நான்தான் நாய் மாதிரி இரைச்சேன்."

தங்கைக்கும் அதுதான் புரியவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மார்பின் மேல் சட்டைப் பொத்தான்கள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது.

அக்கா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"என்னங்க, ஒரு தடவை நல்லா மூச்சை இழுத்து விட்டுக் காட்டுங்க. இவ வாயை மூடட்டும்."