ஊர்ந்து வரும் ஆறு

வைப்பாற்றில் தண்ணீர் ஓடி வரவில்லை, ஊர்ந்து வருகிறது. வெம்பக்கோட்டை அணையைத் திறந்து இரண்டு நாளாகிறது. மூன்று வருஷம் காய்ந்த மணல் குடித்தது போக மிச்சம்தான் இருக்கன்குடிக்கு வருகிறது. சாயங்கால வெயிலில் சத்தமே இல்லை. நுரைகட்டிய நுனி ஒரு சாண் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்கிறது. அதற்கு முன்னால் எறும்புகள் விரைகின்றன. மணலில் நட்ட கல்லுக்கு மேற்கே செல்வலட்சுமி நிற்கிறாள். பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் செத்துப்போன புருஷனின் சாம்பலை, கரைக்கத் தண்ணீர் இல்லாமல், போன வருஷம் அந்தக் கல்லடியில்தான் புதைத்தார்கள். “தள்ளி நில்லுங்க மதினி. அண்ணன் போகட்டும்” என்கிறான் கொழுந்தன் ஊர்க்காவலன். தண்ணீர் அவள் பாதத்தை நனைத்துக் கடந்து கல்லைச் சுற்றுகிறது. மணல் உள்வாங்குகிறது, குமிழிகள் எழும்புகின்றன. எத்தனை சோப்புப் போட்டாலும் புருஷனின் நகக்கண்ணை விட்டுப் போகாத பட்டாசு அலுமினியப் பொடி, வெள்ளிப் படலமாக மேலே மிதக்கிறது. தண்ணீர் கிழக்கே ஊர்கிறது. வெள்ளி மட்டும் அதை எதிர்த்து, மெல்ல, அவள் காலை நோக்கி ஊர்கிறது. ஊர்க்காவலன் பின்வாங்குகிறான். அவள் அசையவில்லை. “கம்பெனி விட்டா நேரா வீட்டுக்குத்தான தம்பி வருவாக” என்கிறாள்.