ஹால் டிக்கெட் அக்காவுக்குக் கேடயம்

கிட்ட வாங்க, கண்ணுகளா. நாள் முழுக்க நின்ற கால்களை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். ஓர் அரங்கமே எழுந்து நின்று கைதட்டிய ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், உங்களுக்குக் கொட்டாவி வருவதற்குள் முடிந்துவிடும்.

பல்கலைக்கழகத்துப் பெரிய அரங்கில், கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் ஹால் டிக்கெட் அக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தேர்வுப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ஹால் டிக்கெட் கொடுத்துக் கொடுத்து, மாணவர் முதல் பேராசிரியர் வரை எல்லோர் வாயிலும் இதுவே பெயராகிவிட்டது. பரீட்சைக் காலத்தில் புகைப்படம் மாறிவிட்டது, டிக்கெட் தொலைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிற கடைசிப் பிள்ளையையும் அனுப்பிவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்துவாள்.

அன்று சிறந்த அலுவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் விருது வழங்கும் விழா. ஓரத்து நாற்காலியை அவள் பிடித்ததற்குக் காரணம் உண்டு. போன் வந்தால் சட்டென்று வெளியே ஓட வேண்டும்.

வீட்டில் அவள் கணவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மதியம் தூங்கி எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்றதே மறந்துபோன மனிதர். ஒரு தடவை பஸ் ஏறி எங்கோ போய், போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார்.

இதுவரை பக்கத்து வீட்டுக்காரிதான் பார்த்துக்கொண்டாள். அன்று காலை அவளும் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மக பிரசவத்துக்கு வர்றா. அடுத்த வாரத்துலேருந்து அண்ணனை என்னால பாத்துக்க முடியாது."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அடுத்தவள் எத்தனை நாள்தான் சுமப்பாள்?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. நூலகத்தில் காலை ஷிஃப்ட் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால், அவர் மதியம் தூங்கி எழுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். மாற்றல் கேட்டு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள்.

முந்தின நாள் கண்காணிப்பாளர் அவளைப் படிக்கட்டிலேயே நிறுத்தினார்.

"உங்க மனு துணைவேந்தர் கைக்கே போயிடுச்சு. நாளைக்கு விழாவுக்குக் கட்டாயம் வந்துடுங்க. நல்ல சேதி இருக்கு."

அந்தச் சேதிக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் பேச்சு நீண்டுகொண்டே போனது. இராத்திரி சரியாகத் தூங்காத கண் தானாகச் சொருகியது. பக்கத்தில் இருந்த தட்டச்சுக்காரப் பெண் விலாவில் இடித்தாள்.

"அக்கா, தூங்கினது போதும், எந்திரிங்க! உங்களைத்தான் கூப்பிடுறாங்க. டீ செலவு உங்களுது, சொல்லிட்டேன்."

எழுந்தாள். முழங்கால் முதலில் வர மாட்டேன் என்றது. அப்புறம் போனால் போகிறது என்று கூட வந்தது. மாற்றல் உத்தரவை மேடையில் வைத்தே கொடுக்கப் போகிறார்களா?

துணைவேந்தர் அவள் கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்தார். நல்ல கனம். பிறகு மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர்தான், அவளுடைய உண்மையான பெயரைத் தடுமாறாமல் சொன்னார்.

"இவங்க நூலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தாங்க. பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவங்க இல்லாம இங்கே பரீட்சை நடக்குமா? நீங்களே சொல்லுங்க. அப்பத்தான் இவங்க அருமையே எனக்குப் புரிஞ்சுது. அதனால, இவங்களை எங்கேயும் விடுறதா இல்லை!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. மனசாரத்தான் தட்டினார்கள், குறை சொல்ல முடியாது.

"ஐயா, வீட்டுல..." என்று வாயெடுத்தாள்.

கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

இறங்கியதும் அவளை முன்வரிசைக்கு அழைத்துப் போனார்கள். முந்தைய வருடங்களில் விருது வாங்கியவர்களை வரவழைத்து உட்கார வைக்கிற வரிசை அது. பஸ் டிரைவர், தோட்டக்காரர், விடுதிச் சமையல்காரம்மா. அரங்கமே நின்றபோது எழாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

சமையல்காரம்மா நகர்ந்து இடம் விட்டார். கேடயத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்டோக்காரர் வர்றாரு, சிரிச்சுடும்மா" என்றார் தோட்டக்காரர். "நான் சிரிக்காம விட்டுட்டேன். உம்முன்னு இருக்கிற மூஞ்சியைத்தான் வராண்டாவுல பெருசா மாட்டி வச்சிருக்காங்க."

டிரைவர் அவள் பக்கம் குனிந்தார்.

"நைட் டூட்டி வேணாம்னு நான் எழுதிக் கொடுத்தேன். தோட்டக்கார அண்ணன், முதுகு முடியலை, சீக்கிரமே ரிட்டயர் ஆகிக்கிறேன்னு கேட்டாரு. இந்தம்மா அடுப்படிக்கு இன்னொரு ஆள் வேணும்னாங்க. நீங்க என்னக்கா கேட்டீங்க?"

ஹால் டிக்கெட் அக்கா அந்த வரிசையை ஒரு தடவை முழுவதும் பார்த்தாள்.

"மத்தியானம் வீட்டுக்குப் போகணும்னு கேட்டேன், தம்பி."

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து போய்ப் படுங்கள். உங்கள் வீட்டுக் கதவு உங்களுக்கு நேரத்தோடு திறக்கட்டும். உள்ளே இருப்பவர் உங்களை அடையாளம் கண்டு சிரிக்கட்டும். களைத்துப்போய் ஒன்றைக் கேட்பவருக்குக் கேட்டதையே எடுத்துக் கொடுக்கிற கை, உங்கள் குடும்பத்தில் என்றும் குறையாமல் இருக்கட்டும்.